ஒத்தை ஜோடியும் ஒழுகுற மாடியும்

இந்தக் கதையை எழுதலாமான்னு தங்கமணிகிட்ட முறைப்படி அனுமதி வாங்கியாச்சு. "எழுதுங்க, ஆனா தொகையைக் குறைச்சு எழுதாதீங்க"ங்கிற ஒரே நிபந்தனையோட கிடைச்ச அனுமதி. அதனால தொகையை முதல்லயே சொல்லிடறேன். நாற்பதாயிரம் ரூபாய். ஒரே ஒரு கை. சீட்டு போட்டு முடிய அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.

இது "சூதாடிக் கெட்டேன், என்னைப் பார்த்துத் திருந்துங்க" வகைப் புலம்பல் இல்லை. அந்தப் புலம்பலை வீட்டிலேயே நிறைய புலம்பியாச்சு. நான் சொல்ல வர்றது ஆட்டத்தைப் பத்தின ஒரு கருத்து. நோ லிமிட் ஹோல்டம் போக்கர்ல கையில டாப் பேர் இருந்து, எதிராளிக்கு முன்னாடி நாம பேசவேண்டிய இடத்துல உட்கார்ந்திருந்தா, அந்தக் கையைச் சின்னதாத்தான் ஆடணும். "கை இருக்குல்ல, அடிச்சு ஆடு"ன்னு சொல்லித் தர்றவங்க நமக்கு நல்லது செய்யலை. செக் பண்றது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. பல நேரம் அதுதான் இருக்கிறதுலயே தைரியமான வேலை.

போக்கர் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஹோல்டத்துல ஆளுக்கு ரெண்டு சீட்டு, நமக்கு மட்டும் தெரியும். மேஜை நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. முதல்ல மூணு சேர்த்து விரிப்பாங்க, அது ஃப்ளாப். அடுத்தது டர்ன், கடைசி ரிவர். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சுற்று காசு கட்டுவாங்க. நோ லிமிட்னா எந்த நேரத்துலயும் முன்னாடி இருக்கிற மொத்தக் காசையும் தள்ளலாம். ஃப்ளாப்ல இருக்கிற மூணுல பெரிய சீட்டோட நம்ம கையில ஒண்ணு ஜோடி சேர்ந்தா அது டாப் பேர். ஃப்ளாப்ல ராணி, எட்டு, அஞ்சு வந்து நம்ம கையில ஏஸும் ராணியும் இருக்குன்னு வைங்க, அதுதான். பார்க்கவே அழகா இருக்கும். ஆபத்தே அந்த அழகுதான்.

இனி இடம். மேஜையில டீலர் பட்டன்னு ஒரு வில்லை சுத்தி வரும். ஃப்ளாப்புக்கு அப்புறம் பட்டன்ல இருக்கிறவர்தான் கடைசியா பேசுவார். அவருக்கு முன்னாடி இருக்கிற எல்லாரும் அவருக்கு முன்னாடியே வாயைத் திறந்தாகணும். மூணு கட்டத்துலயும் அவர் நம்மளைப் பார்த்துட்டு முடிவெடுப்பார், நாம அவரைப் பார்க்காமலே முடிவெடுப்போம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு எனக்குப் புனேவுல முதல் வீடு தேடினப்பவே புரிஞ்சிருக்கணும். புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "பட்ஜெட் கித்னா?" ஊர்ல இருந்து ஒரு பையும் ஒரு பக்கெட்டுமா வந்து இறங்கின வெள்ளந்தி, உண்மையைச் சொன்னேன். அன்னைக்கு முழுக்க அவர் காட்டின அத்தனை வீட்டுக்கும் வாடகை, ஆச்சரியம் பாருங்க, சரியா அதே தொகை! அவர் என்னை ஏமாத்தலை. நான் முதல்ல பேசினேன், அவர் ரெண்டாவது பேசினார். அவ்வளவுதான்.

நிற்க. ஒத்தை ஜோடியைப் பார்த்து நமக்கு ஏன் இவ்வளவு குஷி? என் கணிப்பு, நம்ம நாட்டுல முக்கால்வாசிப் பேர் போக்கருக்கு மூணு சீட்டு வழியா வர்றோம். எங்க ஊர்ப்பக்கம் தீபாவளின்னா எண்ணெய்க் குளியல், பட்டாசு, மதியம் டிவி. வடக்கத்தி நண்பர்களுக்கு தீபாவளின்னா தீன் பத்தி. புனேவுல நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்த ஃபிளாட்டுல முதல் தீபாவளிக்கு எனக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்கலை. இந்தூர்க்காரனும் தில்லிக்காரனும் நடுஹால்ல போர்வையை விரிச்சு எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தாங்க. ரம்மில ஸ்கூட் அடிச்சே பழகின எனக்கு அது சொர்க்கமா தெரிஞ்சது.

மூணு சீட்டுல ஜோடி நிஜமாவே நல்ல கை. கணக்கு போட்டா, மூணு சீட்டு எடுத்தா நூத்துக்கு 74 தடவை ஜோடிகூட இருக்காது. அதாவது ஜோடி கையில இருந்தா எதிர்ல உள்ள நாலு பேர்ல மூணு பேரை ஜெயிச்சாச்சு. ஹோல்டத்துல நிலைமையே வேற. ரெண்டும் அஞ்சும் ஏழு சீட்டு. ஏழு சீட்டுல ஜோடிகூட இல்லாம முடியறது நூத்துக்கு 17 தடவைதான். ஒரு ஜோடியோட முடியறது 44 தடவை. ரெண்டு ஜோடி, இல்லை அதுக்கும் மேல 39 தடவை. அதுவும் கை இல்லாதவன் எல்லாம் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுவான். கடைசிவரை காசு கட்டிக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கிறவன் கையில என்ன இருக்கும்? நம்ம மண்டை இன்னும் போர்வை மேல மூணு சீட்டு ஆடிக்கிட்டு இருக்கு, மேஜையில ஏழு சீட்டு ஆட்டம் நடக்குது.

சரி, சோகக் கதைக்கு வருவோம்.

2019 செப்டம்பர். அந்த வருஷ இன்சென்டிவ் வந்திருந்த நேரம். ஆபீஸ் நண்பர்கள் மூணு பேர் கோவா கிளம்பினாங்க, நானும் ஒட்டிக்கிட்டேன். வீட்டுல சொன்னது "டீம் அவுட்டிங்". முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. ராத்திரி பஸ் ஏறினா காலையில பணஜி. மாண்டோவி ஆத்துல கப்பல் கப்பலா கேசினோ நிக்கும். கரையில இருந்து சின்னப் படகுல கூட்டிட்டுப் போவாங்க. எந்தக் கப்பல்ங்கிறது முக்கியம் இல்லை, சீட்டைக் கலைச்சதுலயும் போட்டதுலயும் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க அடியேன் பக்கம்.

பிளைண்ட் 100, 200. ரெண்டு மணி நேரம் ஒழுங்கா ஆடி, முன்னாடி நாற்பதாயிரத்துக்குச் சில்லு அடுக்கி வச்சிருந்தேன். அதுல பெரும்பகுதி நான் கொண்டு போனதே. பிளைண்டுக்கு அடுத்த இடம் என்னோடது, ஃப்ளாப்புக்கு முன்னாடி முதல்ல பேச வேண்டியவன். ஆர்ட்டின் ஏஸ், டைமன் ராணி. 800 கட்டினேன். எல்லாரும் கவுத்திட்டாங்க, பட்டன்ல இருந்த ஒருத்தரைத் தவிர. நடுவயசு, மூக்குக் கண்ணாடி, ரெண்டு மணி நேரத்துல பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். 800-ஐ மெதுவா நகர்த்தி வச்சார். அவர்கிட்டயும் என் அளவுக்கு மேல சில்லு இருந்தது. நடுவுல இப்ப 1,900.

ஃப்ளாப்: ஸ்பேடு ராணி, ஸ்பேடு எட்டு, டைமன் அஞ்சு. டாப் பேர், கூட ஏஸ் கிக்கர். உள்ளுக்குள்ள நாதஸ்வரம் வாசிச்சது. 1,900 கட்டினேன். அவர் யோசிக்காம கால். நடுவுல 5,700.

டர்ன்ல கிளாவர் மூணு. ஒண்ணுக்கும் உதவாத சீட்டு. "ஸ்பேடு கலருக்குக் காத்திருக்கார், காசைக் கறந்துடணும்"னு 5,700 கட்டினேன். மறுபடி கால். நடுவுல 17,100.

ரிவர்ல ஆர்ட்டின் ரெண்டு. ஸ்பேடு வரலை. "கலர் விட்டுப் போச்சு, நான்தான் ஜெயிச்சேன்." 17,000 கட்டினேன். அவர் கண்ணாடியை ஒருதரம் ஏத்தி விட்டுக்கிட்டு, என்கிட்ட மிச்சம் இருந்ததுக்கும் சேர்த்து ஆல் இன் சொன்னார். என்கிட்ட மிச்சம் 14,600.

அந்த நிமிஷத்துல என் மண்டை போட்ட கணக்கு சரியான கணக்கு, அதுதான் கொடுமை. நடுவுல 65,700 இருக்கு, நான் கட்ட வேண்டியது 14,600. நூத்துக்கு 18 தடவை நான் ஜெயிச்சாலே கட்டுக்கட்டும். இவ்வளவு போட்டாச்சு, இன்னும் இவ்வளவுதானே? கால். அவர் ரெண்டு அஞ்சைத் திருப்பிப் போட்டார். ஃப்ளாப்லயே மூணு அஞ்சு சேர்ந்துடுச்சு, செட். 80,300 ரூபாய் பாட், அவர் பக்கம் போச்சு. "நைஸ் ஹேண்ட்"னு சொல்ல வாயைத் திறந்தேன், காத்துதான் வந்தது.

படகுல திரும்பும்போது நண்பர்கள் சொன்ன ஆறுதல்: "பேட் லக் யார், டாப் பேர் டாப் கிக்கர், யாரா இருந்தாலும் போயிருக்கும்." ரொம்ப நாள் நானும் அதையே நம்பினேன். அப்புறம்தான் காகிதத்துல எழுதிப் பார்த்தேன். துரதிர்ஷ்டம் எனக்கு வாங்கிக் கொடுத்த செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். மிச்சம் முப்பதாயிரம் என் சொந்த உழைப்பு!

எப்படின்னு பாருங்க. நடுவுல 100 ரூபாய் இருக்குன்னு வைங்க. மூணு கட்டத்துலயும் பாட் அளவுக்கே கட்டி, எதிராளி கால் பண்ணிக்கிட்டே வந்தா, 100 வந்து 300 ஆகும், அப்புறம் 900, அப்புறம் 2,700. ஆளுக்கு 1,300 போயிருக்கும். நடுவுல ஒரே ஒரு கட்டம் ரெண்டு பேரும் செக் பண்ணிட்டா 100, 300, 900-ல நின்னுடும். ஆளுக்கு 400. ஒரே ஒரு செக், இழப்பு மூணுல ஒரு பங்குக்கும் கீழே வந்துடுது. மூணு தடவையும் பாதி பாட் கட்டினா 350. வட்டிக்கு வட்டி மாதிரி பெருகுற கணக்கு இது. நோ லிமிட்ல ஃப்ளாப்ல கட்டுற தொகையைவிட, அது ரிவருக்குள்ள என்னவா குட்டி போடும்ங்கிறதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

நான் ஃப்ளாப்ல 1,000 கட்டி, டர்ன்ல செக் பண்ணியிருந்தா? அவர் 2,500 கட்டியிருப்பார்னு வைங்க, கால். ரிவர்லயும் செக், அவர் 5,000 கட்டியிருந்தா அதுக்கும் கால். முன்னாடி போட்ட 800 சேர்த்து மொத்தம் 9,300. தோத்துதான் போயிருப்பேன், ஆனா 30,700 என் பையில இருந்திருக்கும். அதுதான் மேலே சொன்ன முப்பதாயிரம்.

இப்ப அவர் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். கையில சின்ன ஜோடி இருந்தா ஃப்ளாப்ல செட் விழறது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. எட்டு தடவை 800 கட்டினா 6,400 செலவு. ஒன்பதாவது தடவை மாட்டும்போது என்னை மாதிரி ஒருத்தன் மேல 39,200 கொடுத்தா, அவர் வாழ்நாள் முழுக்க அந்த 800-ஐக் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம். நான் மேல 8,500-ஓட நிறுத்தியிருந்தா அவருக்கு அது பெரிய லாப வியாபாரம் இல்லை. ஆக, அவருக்கு அந்த வியாபாரத்தை லாபமாக்கினது அவரோட ரெண்டு அஞ்சு இல்லை, என்னோட ஒரு ராணி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. நான் மூணு தடவை அடிச்சப்ப யாரை எதிர்பார்த்து அடிச்சேன்? சுமாரான ராணி வச்சிருக்கிறவர், எட்டு ஜோடி சேர்த்தவர், இவங்ககிட்ட காசு வாங்கத்தானே? அவங்க முதல் அடிக்கு நிப்பாங்க. ரெண்டாவது அடிக்கு யோசிப்பாங்க. மூணாவது பெரிய அடிக்குப் பெரும்பாலும் ஓடிடுவாங்க. ஓடாம நிக்கிறவர் என்னைவிடப் பெரிய கை வச்சிருக்கிறவர். அடிக்க அடிக்க, எனக்குக் கீழே இருக்கிறவங்களை எல்லாம் நானே வெளியே அனுப்பிட்டு, மேலே இருக்கிறவரை மட்டும் உட்கார வச்சு விருந்து போடறேன். செக் பண்ணினா தலைகீழ். சுமார் ராணிக்காரர் "இவன்கிட்ட ஒண்ணும் இல்லை"ன்னு தானே கட்டுவார், கலர் கைவிட்டுப் போனவர் பொய்யா ஒரு அடி அடிப்பார். என்கிட்ட தோக்க வேண்டியவங்க ஆட்டத்துலயே இருப்பாங்க.

கடைசியா பேசுறவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. நாம செக் பண்ணினா அவரும் செக் பண்ணிச் சீட்டை இலவசமாப் பார்க்கலாம், வேணும்னா அடிக்கலாம். பாட்டோட அளவை முடிவு பண்ற குழாய் அவர் கையில. நம்ம கையில இருக்கிறது நாம கட்டற தொகை மட்டும்தான். அதையும் நாமளே முழுசாத் திறந்து விட்டா?

எதிர்வாதம் இல்லாம இல்லை. "செக் பண்ணினா இலவசச் சீட்டு கொடுக்கறே, கலர் வந்து தோப்பே"ன்னு அடிச்சு ஆடற கட்சி சொல்லும். பாதி நியாயம். ஃப்ளாப்ல ஒரே ரகத்துல ரெண்டு சீட்டு இருந்து, எதிராளி கையிலயும் அதே ரகம் ரெண்டு இருந்தா, ரிவருக்குள்ள கலர் சேர நூத்துக்கு 35 வாய்ப்பு. அதனாலதான் நான் ஃப்ளாப்ல 1,000 கட்டியிருக்கணும்னு சொன்னேன், செக் பண்ணியிருக்கணும்னு சொல்லலை. ஆனா டர்ன் தாண்டினா மிச்சம் ஒரே சீட்டு, அஞ்சுல ஒரு வாய்ப்புதான். அதே ஃப்ளாப் ஏஸ், ஏழு, ரெண்டு, மூணும் வேற வேற ரகம்னு வைங்க. நம்மகிட்ட ஏஸும் ராஜாவும் இருந்தா, எதிராளி ஒண்ணு நமக்கு ரொம்பக் கீழே, இல்லை ரொம்ப மேலே. கையில ரெண்டு ஒன்பது வச்சிருக்கிறவருக்கு ஜெயிக்க ரெண்டே ரெண்டு சீட்டுதான் பாக்கி. அவருக்கு ஒரு சீட்டு இலவசமாக் காட்டினா என்ன குடி முழுகிடும்?

இன்னொரு எதிர்வாதம், "எங்க மேஜையில எல்லாரும் எதை வச்சும் கால் பண்ணுவாங்க." அப்படின்னா தாராளமா கட்டுங்க. சின்ன ஜோடியோட மூணு அடிக்கும் நிக்கிற ஆளுகிட்ட செக் பண்றது கிடைக்கிற காசை விடறது. எங்க ஃபிளாட்டுல அப்படிப்பட்ட மகராசன் ஒருத்தன் இருந்தான், அவன்கிட்ட நான் எப்பவும் அடிச்சுதான் ஆடுவேன். நான் பேசறது பத்து வார்த்தைக்கு மேல பேசாத மூக்குக் கண்ணாடிக்காரர்களைப் பத்தி.

மூணாவது, காசு எவ்வளவு ஆழம்ங்கிறது. 2007-ல மேட் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் சேர்ந்து எழுதின 'புரொஃபஷனல் நோ லிமிட் ஹோல்டம்' புத்தகம் இதுக்கு எளிமையான ஒரு அளவுகோல் கொடுத்தது. ஃப்ளாப் விரிக்கும்போது நம்மகிட்ட மிச்சம் இருக்கிற காசை, நடுவுல இருக்கிற காசால வகுங்க. நாலு, அதுக்குக் கீழேன்னா டாப் பேரோட தைரியமா கடைசிவரை போகலாம். எண் பெருசாகப் பெருசாக ஒத்தை ஜோடியோட மதிப்பு இறங்கிக்கிட்டே போகும். எனக்கு அன்னைக்கு அந்த எண் 39,200-ஐ 1,900-ஆல வகுத்தா இருபதுக்கும் மேல! பாத்திரக் கடைக்குள்ள யானையை ஓட்டிட்டுப் போயிருக்கேன்.

இப்ப கம்ப்யூட்டரே ஆடிக் காட்டுது. 2015 வாக்குல பியோசால்வர் மாதிரி மென்பொருள்கள் வந்த பிறகு, எந்த இடத்துல எந்தக் கையை எப்படி ஆடணும்னு கணக்காப் பார்க்க முடியுது. முதல்ல பேச வேண்டியவனுக்கு அது திரும்பத் திரும்பச் சொல்றது செக்தான். நல்ல கைகளையும் செக் பண்ற கூட்டத்துல கலந்து வைக்கச் சொல்லுது. இல்லைன்னா நாம செக் பண்ணும்போதெல்லாம் எதிராளி "இவன்கிட்ட ஒண்ணுமில்லை"ன்னு அடிச்சு விரட்டிடுவான். இயந்திரத்துக்கு ரோஷம் கிடையாது, அதனால செக் பண்ண அதுக்குக் கூச்சமும் கிடையாது.

நான் எனக்காக எழுதி வச்சிருக்கிற விதிகள் இவ்வளவுதான்:

1. முன்னாடி பேச வேண்டிய இடத்துல, ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி மாதிரி ரெண்டாந்தரக் கைகளை ஃப்ளாப்புக்கு முன்னாடியே கவுத்துடு. கஷ்டமான டாப் பேர்களில் பாதி அங்கேயே ஒழிஞ்சிடும்.

2. டாப் பேர் விழுந்தா ரெண்டு கட்டத்துக்கு மேல காசு வளர விடாதே. எந்த ரெண்டுங்கிறதை ஃப்ளாப்போட ஈரம் முடிவு பண்ணட்டும்.

3. பெரிய அடிக்குப் பேசாம கால் பண்ணினவரை, அதுக்கப்புறம் கலருக்குக் காத்திருக்கிறவரா மட்டும் கற்பனை பண்ணாதே.

4. ரிவர்ல திரும்ப அடிச்சா எந்திரிக்க முடியாத அளவுக்கு நீயே முன்னாடி காசு போடாதே.

நாலாவதுதான் என் முதுகுல விழுந்த அடி. எல்லாரும் கேட்கிற கேள்வி, "கடைசியில ஏன் கால் பண்ணினே?" அது தப்பான கேள்வி. தப்பு நடந்தது டர்ன்ல, அந்த 5,700-ல. எதிராளி என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கார், எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தத் தெரியாமையைத் தாங்க முடியாம, காசை விட்டெறிஞ்சு பதிலை வாங்கப் பார்த்தேன். பதில் கிடைச்சது, விலை அதிகம்.

அந்த நாற்பதாயிரம் எதுக்கு வச்சிருந்ததுன்னு இன்னும் சொல்லலையே. கோவில்பட்டியில எங்க வீட்டு மாடித்தளம் ஒழுகும். பழைய தட்டோட்டைப் பெயர்த்துட்டுப் புதுசா பதிக்கணும். இன்சென்டிவ் வந்ததும் அனுப்பறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். கோவாவுல இருந்து திரும்பின வாரம் அப்பா போன்: "தம்பி, கொத்தனார் வந்து பார்த்துட்டுப் போனாரு. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு சொல்றாரு." நான், "இன்சென்டிவ் இன்னும் வரலைப்பா, இந்த வருஷம் லேட்டு"ன்னேன். "சரிப்பா, ஒண்ணும் அவசரமில்ல"ன்னு வச்சிட்டார். அவர் குரல்ல சந்தேகமே இல்லை. அதுதான் இன்னைக்கும் குத்துது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். ராத்திரி மழை. அம்மா தூக்கத்துல இருந்து எழுந்து, வெளிச்சம்கூடப் போடாம, எந்த இடத்துல எந்தப் பாத்திரம்னு பழகின கையோட அண்டாவும் வாளியும் எடுத்து வச்சாங்க. சொட்டு சொட்டா விழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். விடியறதுக்கு முன்னாடி தங்கமணியை எழுப்பி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஏஸ், ராணி, 1,900, 5,700, எல்லாம்.

அவங்களுக்குச் சீட்டுல ராஜாவுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "என்னங்க, அந்தாளு ரெண்டு தடவை வாயைத் திறக்காம காசை வச்சாரே, அப்பவே உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

மூணு புத்தகம் படிச்சு நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்.

அவங்க சீட்டுப் பணத்துல இருந்து தளம் போட்டோம், அடுத்த தை மாசம். (அது ஏலச் சீட்டு, வேற சீட்டு :-)) அப்பாகிட்டயும் பிறகு சொல்லிட்டேன். அவர் ரெண்டு நாள் பேசலை, மூணாவது நாள் "தட்டோடு நல்லா உட்கார்ந்திருக்கு"ன்னார். அதை மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன்.

இன்னும் ஆடறேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை, இங்க புனேவுல நாலஞ்சு நண்பர்களோட, பிளாஸ்டிக் சில்லுக்கு. சில்லு தீர்ந்தவன் மறுநாள் காலையில எல்லாருக்கும் மிசல் பாவ் வாங்கித் தரணும், அவ்வளவுதான் பந்தயம். போன தடவை முன்னாடி இடத்துல ஏஸ்-ராஜா, ஃப்ளாப்ல ராஜா. ஃப்ளாப்ல சின்னதா கட்டி, டர்ன்ல செக் பண்ணினேன். எதிர்ல இருந்தவன் சிரிச்சான், "க்யா பாய், டர் கயா?" சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அவன் அடிச்சான், கால். ரிவர்லயும் அடிச்சான், கால். அவன்கிட்ட ராஜா-பத்து. நான் மூணு தடவை அடிச்சிருந்தா அவன் ரிவருக்கு வந்திருக்கவே மாட்டான். மறுநாள் மிசல் நல்ல காரம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் பணம் வச்சு ஆடக் கிளம்பாதீங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணியாச்சு. கப்பல் ஏறித்தான் ஆவேன்னு அடம் பிடிக்கிறவங்க, முதல்ல ஊருக்கு ஒரு போன் போட்டு மாடி ஒழுகுதான்னு கேட்டுட்டுப் போங்க.